பதில் சொல்ல வந்தவர்கள்

தேசிய இயக்கத்தைப் பற்றிய கதைகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. கதர் கட்டிய கதாநாயகன், அந்நியத் துணியை நெருப்பில் போடும் கதாநாயகி, உப்புச் சத்தியாக்கிரகம், சிறைவாசம், 1942-ல் அறுபட்ட தந்திக் கம்பிகள் எல்லாம் நாவல் வாசகர்களுக்கு நன்றாகப் பழகிப்போன சாமான்கள். ஆனால் அந்த இயக்கமே காந்தியடிகள் வந்த பிறகுதான் பிறந்தது என்பதுபோல நம் கதாசிரியர்கள் நடந்துகொண்டு வந்திருக்கிறார்கள். 1885-ல் பம்பாயில் 72 பிரதிநிதிகள் கூடியதிலிருந்து 1907-ல் சூரத்தில் செருப்புப் பறந்து சபை கலைந்தது வரையில் உள்ள இருபத்திரண்டு வருஷங்களை, பெரும்பாலும் சரித்திர ஆசிரியர்களிடமே விட்டுவிட்டோம்.

காரணம் தெரியாததல்ல. அந்தக் காலம் சப்பென்று இருந்தது என்பது பொது அபிப்பிராயம். வருஷத்தில் நான்கு நாள் கூடுவார்கள்; தலைப்பாகை கட்டிய வக்கீல்கள் இங்கிலீஷில் மணிக்கணக்காகப் பேசுவார்கள்; சட்டசபையை விஸ்தரிக்க வேண்டும், ஐ.சி.எஸ். பரீட்சையை இந்தியாவிலும் நடத்த வேண்டும், ராணுவச் செலவைக் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் போடுவார்கள். மகாராணிக்கு ஜே போட்டுவிட்டு ரயிலேறுவார்கள். இதில் கதை எங்கே இருக்கிறது என்று கேட்டால், கேட்பவரைக் குறை சொல்ல முடியாது.

கதை அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. அந்த இருபத்திரண்டு வருஷங்களும் ஒரே ஒரு கேள்வியின் மேல் உட்கார்ந்திருந்தன. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்காகப் பேசலாமா? பேசலாமென்றால் அந்த உரிமையை அவனுக்கு யார் கொடுத்தது? இது அரசியல்வாதியின் கேள்வி மட்டுமல்ல. நாவல் எழுதுகிறவன் தினந்தோறும் மேஜைமுன் உட்கார்ந்து சந்திக்க வேண்டிய கேள்வியும் இதுதான். ஆகையால் அந்தக் காலத்து மனிதர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்ப்பது நமக்கு வீண் வேலையாகாது. அவர்கள் சமாளித்த முறையில் பாதி, இலக்கிய முறையாகவே இருந்தது என்பதையும் பார்க்கப் போகிறோம்.

காங்கிரஸின் மூன்றாவது மகாசபை 1887 டிசம்பரில் சென்னையில், ஆயிரம் விளக்கை அடுத்த மேக்கே தோட்டத்தில் கூடியது. பத்ருதீன் தயாப்ஜி தலைமை வகித்தார். வந்த பிரதிநிதிகள் 607 பேர். மூன்று வருஷங்களுக்கு முன்பே, 1884-ல், சென்னை மகாஜன சபை ஏற்பட்டிருந்ததால் ஜில்லாக்களில் அதற்குக் கைகால்கள் இருந்தன. அவற்றைக் கொண்டு ஒரு புதிய காரியம் செய்தார்கள். பணக்காரர்களின் நன்கொடையை மட்டும் நம்பாமல் ஊர் ஊராகச் சில்லறை வசூல் செய்தார்கள். ஓர் அணாவிலிருந்து ஒன்றரை ரூபாய் வரையில் சுமார் 8,000 பேர் கொடுத்தது ஏறக்குறைய 5,500 ரூபாய். ஓர் அணா கொடுத்தவனுக்குக் காங்கிரஸ் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டுமல்லவா? அதற்காக வீரராகவாச்சாரியார் தமிழில் ஒரு வினா விடைப் பிரசுரம் எழுதினார். இவர் 'ஹிந்து'வைத் தொடங்கிய நண்பர்களில் ஒருவர். பிரசுரம் சுமார் 30,000 பிரதிகள் பரவியது. அன்றைய தமிழ்ப் புத்தகங்களுக்கு அது கனவிலும் எட்டாத கணக்கு. இன்றைய நாவலாசிரியர்களுக்கும் பெருமூச்சு விடத்தக்க கணக்குத்தான்.

இந்தப் பிரசுரம் இலக்கியமல்ல என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் தேசியம் என்ற புதிய எண்ணத்தைத் தமிழில் சாதாரண ஜனங்களுக்குச் சொல்ல முயன்ற ஆரம்ப உரைநடைகளில் அது ஒன்று. அதனால் அதன் உருவத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வினா விடை தமிழுக்குப் புதிதல்ல. தமிழ் அச்சின் குழந்தைப் பருவத்திலேயே, 1579-ல், கிறிஸ்தவப் பாதிரிமார்கள் இந்த உருவத்தில் வேதபாடம் அச்சிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் அதே ஆயுதத்தை அவர்கள் கையிலிருந்து வாங்கிச் சைவ வினா விடை செய்தார். பள்ளிக்கூடப் பூகோளமும் சுகாதாரமும் இதே வழியில் வந்தன. இந்த உருவத்தின் லக்ஷணம் ஒன்று உண்டு. கேட்பவனுக்கு ஒன்றும் தெரியாது. சொல்பவனுக்கு எல்லாம் தெரியும். பதில் தயாராக இருக்கிறது. அதற்கு முன்னால் வைப்பதற்காகவே கேள்வி உண்டாக்கப்படுகிறது. பதில் சொல்பவனைத் திணற அடிக்கிற கேள்வி வினா விடைப் புத்தகத்தில் வரவே வராது. வந்தால் அந்தப் புத்தகம் வேறு ஏதோவாக மாறிவிடும்.

நம்முடைய பழைய இலக்கியத்தில் கேள்விக்கு இருந்த மரியாதை வேறு. மதுரைச் சபையில் கண்ணகி கேட்ட கேள்விக்குப் பாண்டியனிடம் பதில் இல்லை. அதனால்தான் சிலப்பதிகாரம் காவியமாக நிற்கிறது. அங்கே கேள்வி சிம்மாசனத்தைச் சாய்க்கிறது. வினா விடையில் கேள்வி, பதிலுக்கு மனை போடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

சென்னை மகாசபையின் அறிக்கையோடு சேர்த்து அச்சான இன்னொரு பிரசுரமும் உண்டு. அது காங்கிரஸின் காரியதரிசி ஹ்யூம் துரை எழுதிய சம்பாஷணை. அது கதைக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது. பேசுகிறவர்கள் இருவர். ஒருவர் மௌல்வி பரீதுத்தீன், எம்.ஏ., பி.எல்.; ஹகீகதாபாத் ஜில்லாக் கோர்ட்டில் தொழில் நடத்தும் வக்கீல். மற்றவர் கம்பக்த்பூர் என்ற கிராமத்து முகத்தம்களில், அதாவது ஊர்த் தலைக்கட்டுகளில், ஒருவரான ராம்பக்ஷ். நேரில் வந்து எட்டிப்பார்க்காத ஜமீன்தாருடைய கிராமம் ஏஜெண்டுகள் கையில் படும் பாட்டைக் காட்டி, கடல் கடந்த ராஜாங்கமும் இப்படித்தான், ஜனங்களின் பஞ்சாயத்தைக் கேட்டு நடந்தால் எல்லாம் சரியாகும் என்று வக்கீல் விளக்குகிறார்.

உவமானம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆட்சியில் இருந்தவர்களுக்கு அது நன்றாகவே சுட்டது. வடமேற்கு மாகாணத்து லெப்டினென்ட் கவர்னர் கால்வின் 1888-ல் ஹ்யூமுக்கு நீண்ட கண்டனக் கடிதம் எழுதினார். இந்த மாதிரிப் பிரசுரங்கள் குடியானவர்கள் மனத்தில் துவேஷத்தை வளர்க்கின்றன என்பது அதிகாரிகளின் புகார். ஒரு கற்பனைச் சம்பாஷணை லெப்டினென்ட் கவர்னரைத் தூங்கவிடாமல் செய்தது என்றால், எழுத்தாளன் என்ற முறையில் எனக்குச் சந்தோஷமே.

ஆனால் விமரிசகனின் கண் தலைப்பிலேயே தட்டி நிற்கிறது. ஹகீகத் என்றால் உண்மை. கம்பக்த் என்றால் பாக்கியம் கெட்டது. வக்கீல் உண்மையூரில் வசிக்கிறார். குடியானவன் பாக்கியங்கெட்ட ஊரில் வசிக்கிறான். வக்கீலின் பட்டங்கள் எழுத்துக் குறையாமல் தலைப்பில் ஏறியிருக்கின்றன. சம்பாஷணை ஆரம்பமாகும் முன்பே வழக்கு முடிந்துவிட்டது. ராம்பக்ஷுக்கு வயிற்றுப்பசி உண்டு, மனக்குறை உண்டு, நியாய புத்தியும் உண்டு. தனக்கென்று ஓர் அபிப்பிராயம் மட்டும் இல்லை. அவன் அதுவரையில் எந்தப் பஞ்சாயத்திலும் உட்கார்ந்ததே இல்லாதவன் போலப் பஞ்சாயத்தின் மகிமையை வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறான்.

இந்த இடத்தில் வாசகர்களைச் சேலத்துக்கும், அங்கிருந்து கொல்லிமலைக்கும் அழைத்துக்கொண்டு போக வேண்டும். வக்கீல் ஒரு பக்கமும் பஞ்சாயத்து ஒரு பக்கமுமாக, இந்தச் சம்பாஷணையின் இரண்டு கட்சிகளும் அங்கே நிஜமாகவே இருந்தன.

சேலத்து வக்கீல் சி. விஜயராகவாச்சாரியார். அவருடைய கதை 1882-ல் ஆரம்பமாகிறது. நாவலாசிரியன் கற்பனை செய்தால் மிகை என்று சொல்லும்படியான வருஷம் அது. அந்த வருஷம்தான் ரிப்பன் பிரபு ஸ்தல ஸ்தாபனங்களுக்குச் சுயாட்சி தரும் தீர்மானத்தை வெளியிட்டார். அந்த வருஷம்தான் ஜி. சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திர'னைத் தொடங்கினார். அந்த வருஷம்தான் சென்னை ராஜதானியின் காட்டுச் சட்டம் பிறந்தது. அந்த வருஷம்தான் சேலத்தில் ஹிந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம் மூண்டது. முப்பது வயதான நகரசபை அங்கத்தினர் விஜயராகவாச்சாரியாரின் மேல் கலவரத்தைத் தூண்டியதாக வழக்குப் போட்டுப் பத்து வருஷம் தண்டனை விதித்தார்கள். ஹைக்கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. அவர் அதோடு நிற்கவில்லை. நகரசபையிலிருந்து தம்மை நீக்கியது தப்பு என்று இந்தியா மந்திரியின் மேலேயே வழக்காடி, 100 ரூபாய் நஷ்டஈடு வாங்கினார். அந்த 100 ரூபாயின் மதிப்பு இன்னதென்று அன்று ராஜதானி முழுவதுக்கும் தெரிந்திருந்தது.

1887-ல் சென்னை மகாசபை, காங்கிரஸுக்கு விதிகள் வகுக்க ஒரு கமிட்டி போட்டபோது அதில் முக்கியமானவராக அவர் இருந்தார். பிரதிநிதி என்பவன் யார், எத்தனை பேர் வரலாம், யார் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதுவரையில் வழவழவென்றுதான் இருந்தன. ஏதாவதொரு சபையோ பொதுக்கூட்டமோ கைதூக்கினால் போதும்; பிரதிநிதி தயார். இந்தச் சந்தில்தான் அடுத்த வருஷம் வைஸ்ராய் டப்ரின் பிரபு அம்பு எய்தார். 1888 நவம்பரில் கல்கத்தா விருந்தொன்றில் பேசும்போது, படித்தவர்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒரு கூட்டம். அவர்கள் எப்படி இந்த மகா ஜனசமுத்திரத்துக்காகப் பேச முடியும் என்ற கருத்தைச் சொன்னார்.

சொன்னவருடைய நோக்கம் நல்லதல்ல. தம்மை எந்த ஜனமும் அனுப்பாமலே இருபத்தைந்து கோடிப் பேரை ஆள வந்தவர் அவர். காங்கிரஸ்காரர்கள் அந்த முரண்பாட்டைப் பலமாகவே சுட்டிக்காட்டினார்கள், நியாயம்தான். ஆனால் கெட்ட எண்ணத்தோடு கேட்டதனால் நல்ல கேள்வி கெட்ட கேள்வியாகிவிடாது. சேலத்துப் பிரதிநிதி சேலம் ஜில்லாவுக்காகப் பேசினார் என்றால், அன்று அந்த ஜில்லாவில் அடங்கியிருந்த கொல்லிமலையின் பைல் நாட்டுக்காகவும் பேசினாரா?

கொல்லிமலை சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும்பி, உச்சியில் மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கும் நிலம். இலக்கிய வாசகர்களுக்கு அது வல்வில் ஓரியின் மலை. சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவையின் மலை. யாத்திரிகர்களுக்கு அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாயகங்கை அருவியும். அங்கே குடியிருக்கும் மலையாளிகள், பெயரைக் கேட்டு நாம் நினைப்பதுபோல மலையாள தேசத்தார் அல்லர். மலையை ஆளுகிற தமிழர்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகளின் வழியில் வந்தவர்கள் என்று அவர்களே சொல்லிக்கொள்ளும் கதை ஒன்று உண்டு. சாமையும் கேழ்வரகும் விளைவித்துப் பிழைத்தவர்கள். ஏர் போகாத சரிவுகளில் கொத்திப் பயிரிடும் நிலத்துக்குக் கொத்துக்காடு என்று பெயர்.

இந்த மலை நாடுகளாகப் பிரிந்திருக்கிறது. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு, பைல் நாடு என்று இன்றும் ஊராட்சிகளுக்கு அந்தப் பெயர்கள்தாம். சோழர் காலத்துச் சாஸனங்களில் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த ஒரு வட்டம். நாட்டார் என்பது அதன் சபை. சமவெளியில் அந்த அர்த்தம் தேய்ந்துபோய், நாடு என்றால் தேசம் என்றாகிவிட்டது. மலைமேல் பழைய அர்த்தம் உயிரோடு இருந்தது. நாட்டுக்குப் பட்டக்காரர் உண்டு. ஊருக்கு ஊர்க்கவுண்டர் உண்டு. கல்யாணமா, விவாகரத்தா, வரப்புச் சண்டையா, நோன்பா, கூட்டம் கூடிப் பேசித் தீர்ப்பார்கள். தப்புக்கு அபராதம் போடுவார்கள். இங்கிலீஷ் அதிகாரிகள் எழுதிவைத்த ஜில்லா விவரங்களிலும், தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட ஜாதிகள் பற்றிய பெரிய நூலிலும் மலையாளிகளின் இந்த ஏற்பாடுகள் பதிவாகியிருக்கின்றன.

இதை ராமராஜ்யமாக வர்ணிக்க நான் தயாரில்லை. பட்டம் பரம்பரையாக வருவது, தேர்தலில் வருவதல்ல. கூட்டத்தில் பெண்களுக்குப் பேச இடமில்லை, பேசப்படும் விஷயம் பெரும்பாலும் பெண்களைப் பற்றியதாகவே இருந்தாலும். நாட்டுக் கட்டுப்பாட்டை மீறினவனைத் தள்ளிவைக்கும் கொடுமையும் உண்டு. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: பைல் நாட்டுக் குடியானவன் ராம்பக்ஷ் அல்ல. சபை என்றால் என்ன, ஒருவர் பலருக்காகப் பேசுவது என்றால் என்ன, பேசினவர் தப்பாகப் பேசினால் என்ன செய்வது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். எம்.ஏ., பி.எல். படித்த ஒருவர் வந்து விளக்க வேண்டியதில்லை. அவன் வாயைத் திறந்திருந்தால், வினா விடையில் அச்சாகாத ஒரு வினாவைக் கேட்டிருப்பான்: "நீங்கள் என் பேரால் பேசினதாகச் சொல்கிறீர்களே சாமி, எந்தக் கூட்டத்தில் என்னைக் கேட்டீர்கள்?"

இந்தக் கேள்வி வெறும் வார்த்தை வாதமல்ல என்பதற்குக் காட்டுச் சட்டமே சாக்ஷி. 1882-க்குப் பிறகு ரிசர்வ் காடு என்று கோடு கிழித்த இடத்தில் மலைக்குடியின் கொத்துக்காடும், விறகும், மேய்ச்சலும் அதிகாரியின் தயவில் நிற்க வேண்டியதாயிற்று. 1890-களில் காங்கிரஸ் மகாசபைகள் காட்டுச் சட்டங்களின் கடுமையைக் கண்டித்துத் தீர்மானங்கள் போட்டன; அதை மறக்கக் கூடாது. ஆனால் அந்தப் பேச்சுகளின் நடுவில் நின்றவன் சமவெளி ரயத்து. அவனுடைய மாட்டுக்கு மேய்ச்சல், அவனுடைய வயலுக்குத் தழையுரம், அவனுடைய அடுப்புக்கு விறகு. காட்டை வெளியிலிருந்து பார்க்கிறவனுடைய நியாயமான குறைகள் அவை. காட்டுக்குள்ளேயே பிறந்து, காட்டுக்குள்ளேயே சபை கூட்டி, காட்டுக்குள்ளேயே சாகிறவனுடைய குறை வேறு. அதைச் சொல்ல அந்தப் பந்தலில் யாரும் இல்லை.

காங்கிரஸின் ஆரம்பகால விவாதங்கள் எல்லாவற்றிலும் இந்த ஒரே நூல் ஓடுவதைக் காணலாம். சமூக சீர்திருத்தத்தைக் காங்கிரஸ் எடுத்துக்கொள்ள வேண்டுமா என்ற சண்டையைப் பாருங்கள். தாதாபாய் நௌரோஜி 1886-லேயே, தேசம் முழுவதுக்கும் பொதுவான விஷயங்களோடு நாம் நிற்க வேண்டும் என்று வரம்பு கட்டினார். அதனால் 1887-ல் சென்னையில் சமூக மகாநாடு என்று தனியாக ஒன்றைக் கூட்டினார்கள். 1895-ல் புனாவில் அந்த மகாநாட்டுக்குக் காங்கிரஸ் பந்தலைக் கொடுக்கக் கூடாது என்று பெரிய ரகளை நடந்தது. 1888-ல் அலகாபாத்தில், ஹிந்துப் பிரதிநிதிகளோ முஸ்லிம் பிரதிநிதிகளோ அநேகமாக ஒருமுகமாக ஆக்ஷேபிக்கும் விஷயத்தை எடுத்துக்கொள்வதில்லை என்று விதி செய்தார்கள். யாருக்காக நாம் பேசலாம், எதைப் பேசாமல் விட்டால் சேர்ந்திருக்கலாம் என்பதுதான் இவற்றின் உட்பொருள். கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உரிமைச்சீட்டு கையில் இல்லாதவன் அளந்து பேசுகிறான்; அதில் ஒரு யோக்கியப் பொறுப்பு உண்டு.

வினா விடையின் வேலி ஒரே ஒரு தடவை தாண்டப்பட்டது. 1887 மகாசபையில் தஞ்சாவூரிலிருந்து பிரதிநிதியாக வந்த மூக்கணாசாரி என்ற கைத்தொழிலாளி எழுந்து தமிழில் பேசினார். இங்கிலீஷ் மழை பொழிந்துகொண்டிருந்த அந்தப் பந்தலில் ஒரு தொழிலாளியின் தாய்மொழி கேட்டது. வினா கேட்க வேண்டியவன் தானே விஷயத்தைச் சொல்ல வந்துவிட்டான். ஆயிரம் விளக்குத் தோட்டம், டிசம்பர் மாதத்து வெயில், கோட்டு அணிந்தவர்களின் நடுவில் ஓர் ஆசாரி. ஒரு நாவலுக்கு இதைவிட நல்ல அத்தியாயம் யார் கொடுக்க முடியும்? நம்மில் எத்தனை பேர் அதை எழுத நினைத்தோம்?

நாம் எழுதியது வேறு. தமிழ் நாவல் பிறந்து வளர்ந்த வருஷங்களும் காங்கிரஸ் பிறந்து வளர்ந்த வருஷங்களும் ஒன்றே. ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893-ல் பத்திரிகையில் வரத் தொடங்கியது; மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' 1898-ல் வெளிவந்தது. இருவரும் சென்னையில் படித்த பட்டதாரிகள். அவர்கள் வீட்டுக் கூடத்தையும் சமையலறையையும் திண்ணையையும் எடுத்துக்கொண்டார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தெரிந்ததை உண்மையாக எழுதினார்கள். அந்தத் திண்ணைகளில் மனிதர்கள் ஒருவரையொருவர் மடக்கிப் பேசுகிறார்கள், வம்பளக்கிறார்கள், ஏமாற்றுகிறார்கள். யாரும் யாருக்கும் பாடம் படித்துக் கொடுத்து முடித்துவிடுவதில்லை.

தேசியம் நாவலுக்குள் நுழைந்தபோதுதான் பழைய வினா விடையும் கூடவே நுழைந்தது. கா.சி. வேங்கடரமணியின் 'தேசபக்தன் கந்தன்' நல்ல உள்ளத்தில் பிறந்த புத்தகம். ஐ.சி.எஸ். பதவியை உதறிய கதாநாயகன் கிராமத்துக்குத் திரும்புகிறான். அவன் பேசுகிறான், கிராமம் கேட்கிறது. கல்கியின் 'தியாகபூமி'யில் சம்பு சாஸ்திரி வெள்ளத்தில் வீடிழந்த சேரி மக்களுக்குத் தம் மாட்டுக்கொட்டகையில் இடம் கொடுத்துச் சாதிக்கட்டுக்கு ஆளாகிறார். நம் கண் அவரோடேயே போகிறது. கொட்டகையில் இரவு முழுவதும் படுத்திருந்தவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது நம் காதில் விழுவதில்லை. நாமக்கல் கவிஞர் கொல்லிமலையைக் கண்ணால் பார்க்கும் சீமையில் வாழ்ந்தவர். தேசிய இயக்கத்தில் முன்னணியில் நின்றவர். அவருடைய 'மலைக்கள்ளன்' விறுவிறுப்பான கதை. அதிலும் மலை ஒரு மறைவிடம். சமவெளி நியாயத்தைச் சமவெளிக்காரன் சரிப்படுத்துவதற்கு ஒதுங்கும் இடம்.

இந்தப் பழக்கத்துக்கு விலக்கு உண்டு. பாரதியார் 1908-ல் எழுதிய 'எங்கள் காங்கிரஸ் யாத்திரை'யில் அந்தக் காலத்துக் காங்கிரஸ் உபதேசமாக வராமல், ரயிலேறிப் போகும் நண்பர்களின் பிரயாணமாக வருகிறது. மகாசபைக்குப் போகிறவனும் பசியும் தூக்கமும் வேடிக்கையும் உள்ள மனிதன்தான் என்பது தெரிகிறது. இன்னொரு விலக்கு காங்கிரஸைத் தொடாத ஒரு நாவல். ஆர். சண்முகசுந்தரம் 1942-ல் எழுதிய 'நாகம்மாள்'. கொல்லிமலையிலிருந்து வெகு தூரமில்லாத கொங்குச் சீமைக் கிராமம். விதவையான ஒருத்தி புருஷன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள். அவள் கேட்பதற்கு யாரிடமும் தயாரான பதில் இல்லை, நாவலாசிரியரிடமும் இல்லை. அதனால்தான் அந்தச் சின்னப் புத்தகம் பெரிய புத்தகமாக நிற்கிறது. ராஜம் கிருஷ்ணன் 'குறிஞ்சித் தே'னில் நீலகிரிப் படகர்களின் தலைமுறைகளைக் குறிஞ்சி பூக்கும் கணக்கில் அளந்தார். மலைவாசியின் காலத்தை மலைவாசியின் படியாலேயே அளக்க வேண்டும் என்ற மரியாதை அதில் இருக்கிறது.

விஜயராகவாச்சாரியாரின் கதைக்கு ஒரு முடிவு உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். 1920 டிசம்பரில் நாகபுரியில் கூடிய காங்கிரஸுக்கு அவர் தலைவர். அறுபத்தெட்டு வயது. ஒத்துழையாமையில் அவருக்கு அரைமனசுகூட இல்லை. ஆனால் அவர் தலைமை வகித்த அந்த மகாசபையில்தான் காந்தியடிகள் தயாரித்த புதிய அமைப்பு விதிகள் நிறைவேறின. நாலணா கொடுத்தவன் அங்கத்தினன்; மொழிவாரியாக மாகாணங்கள்; கீழே தாலுகா, கிராமம் வரையில் கமிட்டிகள். டப்ரின் கேட்ட கேள்விக்கு முப்பத்திரண்டு வருஷம் கழித்துக் காங்கிரஸ் வார்த்தையால் அல்லாமல் ஏற்பாட்டினால் பதில் சொன்னது. முதல் விதிகளை வகுத்த கமிட்டியில் உட்கார்ந்திருந்த மனிதர், தமக்குப் பூரண சம்மதமில்லாத ஒரு புதிய யுகத்துக்குத் தலைமை நாற்காலியில் உட்கார்ந்து கதவைத் திறந்துவிடுகிறார். அவர் 1944 வரையில் உயிரோடிருந்தார். இப்படியொரு பாத்திரத்தை டால்ஸ்டாயிடம் கொடுத்திருந்தால் விட்டிருப்பாரா?

பைல் நாட்டின் கேள்விக்கும் பதில் வந்துவிட்டதா? பாதி வந்திருக்கிறது. 1997-லிருந்து கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. மலை அடங்கிய சேந்தமங்கலம் சட்டசபைத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. நாடுகள் ஊராட்சிகளாகி, பெண்களும் தலைவர்களாக வர முடிகிறது. பழைய நாட்டுக் கூட்டத்தில் நடக்காத காரியம் அது. காட்டு உரிமைக்கு 2006-ல் சட்டம் வந்தது. மறுபுறம், பழங்குடிப் பகுதிகளின் கிராமசபைக்குத் தனி அதிகாரம் தரும் 1996-ம் வருஷத்துச் சட்டம் இந்த மலைக்குப் பொருந்தாது. அது அரசியல் சாஸனத்தின் ஐந்தாவது அட்டவணையில் அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு மட்டுமே. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றும் கிடையாது. நூற்றாண்டுக்கணக்காகச் சபை கூட்டி வந்த மலையின் சபை, சட்டத்தின் கண்ணில் சமவெளிச் சபை எதற்கும் மேற்பட்டதல்ல. 1887-ன் வினா இன்னும் காகிதத்தில் ஈரமாகவே இருக்கிறது.

நம் இளம் நாவலாசிரியர்களில் யாராவது அந்த இருபத்திரண்டு வருஷங்களைத் தொடுவதாக இருந்தால் அவரிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன். வீரராகவாச்சாரியாரையும் விஜயராகவாச்சாரியாரையும் கேலி செய்து எழுத வேண்டாம். ஓர் அணாவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்த கைசுத்தமான மனிதர்கள் அவர்கள். தங்களுக்குத் தெரிந்த உருவத்தில், தங்களுக்குத் தெரிந்த மட்டும் உண்மையைச் சொன்னார்கள். அவர்கள் பதில் சொல்லட்டும், நன்றாகவே சொல்லட்டும். எதிரே உட்கார்ந்திருப்பவனுடைய வாயில் மட்டும் நாம் கேள்வியை எழுதிக் கொடுக்காமல் இருந்தால் போதும். அவன் மலையிலிருந்து இறங்கி வந்தவனானால், தன் நாட்டுக் கூட்டத்தில் பேசிப் பழகினவன். அவனுக்குக் கேட்கத் தெரியும். அவன் கேட்டு முடித்ததும் வக்கீல் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால், அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நாவலாசிரியன் எழுத வேண்டும்.